குதிரையைக் கழற்றிவிட்ட கை

“சும்மா தூக்கினேன்னு என்கிட்ட சொல்லாத. நீ சும்மா எதையும் செய்யறவ இல்ல. குடை எடுக்கணுமா வேணாமான்னு நாலு வானிலை அறிக்கை பார்க்கறவ நீ.”

“அது என் டீம் அண்ணி. யாரை வேணா வைப்பேன், யாரை வேணா எடுப்பேன்.”

“எடு. பதினோரு பேரையும் எடு, எனக்கென்ன? குதிரையை ஏன் எடுத்த? அதை மட்டும் சொல்லு.”

இந்த இடத்துக்கு வரும்போது கீழ்வீட்டுக் குழாய் நின்றுவிட்டது. அந்தக் கட்டடத்தில் அது ஒரு மரியாதை. மேலே சண்டை என்றால் கீழே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் மறுநாள் கதையில் ஓட்டை விழுந்துவிடும் அல்லவா?

மேலே சாப்பாட்டு மேஜையில் நாலு பேர். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறவனுக்கு எங்கே ஹாரன் அடிக்கலாம், எங்கே அடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா மகளையும் பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள், யார் பக்கம் குழம்பை நகர்த்துவது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள். மகள் மேஜையில் சுத்தமாக இருந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சதவீதம் என்றால் நாய்கூட வாலாட்டும்.

சண்டை எதைப்பற்றி என்று புரிய, தெருவின் பைத்தியத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லார் போனிலும் ஒரு ஃபேன்டஸி லீக். நிஜமான கால்பந்து கிளப்புகளில் ஆடுகிறவர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை அந்த ஆட்கள் நிஜமாக ஓடி, நிஜமாக வியர்த்து, நிஜமாகக் கோல் போட்டால், இங்கே சலூன் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குப் புள்ளி. கேப்டன் என்று ஒருவரைக் குறித்து வைத்தால் அவருடைய புள்ளி இரட்டிப்பு. பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜெயித்தவரின் படம் அடுத்த ஆண்டு முழுவதும் சலூன் கண்ணாடிக்கு மேலே தொங்கும். அதற்காகத்தான் இந்தத் தெருவில் மூன்று குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கின்றன.

லீகை நடத்துகிறவர் சலூன்காரர். முடிவெட்டும்போதும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வெட்டுவதால் அவரை நடுவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை யாரோ கடைசி நொடியில் ஆளை மாற்றினார்கள் என்று பெரிய ரகளையாகி, அன்றிலிருந்து நடுவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். யார் யாரை எடுத்தாலும், யாரைச் சேர்த்தாலும், அந்த நொடியே தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தகவல் போய்விட வேண்டும். “வீட்டுக் கதவை மூடிக்கோங்க, டீம் கதவை மூடாதீங்க” என்பது அவர் வாக்கு.

சதவீதம் தன் அணியைத் தானே நடத்துவதில்லை. அதற்கு ஒரு கருவி வைத்திருந்தாள். எந்த ஆட்டக்காரன் எத்தனை நிமிஷம் ஆடுவான், எத்தனை முறை கோலைக் குறிவைத்து உதைக்கிறான், எதிரணியின் தடுப்பு எந்தப் பக்கம் ஓட்டை, மைதானத்தில் மழை வருமா என்று எல்லாவற்றையும் கண்ட கண்ட தளங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து ஒரே ஒரு சதவீதமாகப் பிழிந்து கொடுக்கும். சாயங்காலமானால் அதனோடுதான் இருப்பாள். அதன் பேச்சைத்தான் கேட்பாள். கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து ஓய்ந்துபோன அம்மா அந்தக் கருவிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டாள். “மாப்பிள்ளை இந்த வாரம் என்ன சொல்றார்?” என்று தெருவே கேட்கும்.

மாப்பிள்ளை சொல்லி அவள் தட்டியது கிடையாது. ஒருமுறை அது வைக்கச் சொன்ன கோல்கீப்பர் வலைக்குள் பந்தை மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டினான். தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. அடுத்த வாரமும் அவனையே வைக்கச் சொன்னது, வைத்தாள். கொஞ்சம் உன் மனசையும் கேளுடி என்று அம்மா சொன்னதற்கு, “மனசுகிட்ட போன சீசன் டேட்டா இல்லம்மா” என்று பதில் சொன்ன பெண் அவள்.

அப்பேர்ப்பட்டவள், ஓடுகிற வேகத்துக்காகக் குதிரை என்று பெயரெடுத்த உள்ளூர் கிளப்பின் நட்சத்திர ஆட்டக்காரனை, இந்த ஆண்டு எல்லார் அணியிலும் இருக்கிறவனை, மாப்பிள்ளை ‘இவனே கேப்டன், ஆடுவது தொண்ணூறு சதவீதம் உறுதி’ என்று பச்சை விளக்குப் போட்டுக் காட்டிய அதே வாரத்தில், அணியை விட்டுத் தூக்கியிருந்தாள். குழுவில் வந்த தகவல் இவ்வளவுதான்: ‘சதவீதம்: குதிரை வெளியே.’

தெருவில் மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அண்ணி போகவில்லை. அவள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் சரிபார்க்கிற பிரிவில் இருப்பவள். நேராக நிற்கிற ஆயிரம் காகிதத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் கோணலாக இருந்தால் அது அவள் கண்ணில் மிளகாய்த் தூளாக விழும். அவளும் ஒரு கருவி வைத்திருந்தாள். ஆனால் அது ஆட்டக்காரர்களைக் கவனிப்பதில்லை, தெருவைக் கவனித்தது. நடுவர் போன வாரம் கோல் போட்டவனையே இந்த வாரம் வாங்குவார், மெக்கானிக்குக் குள்ளமான ஆட்டக்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை, பேக்கரிக்காரம்மா முகம் பார்த்து எடுப்பார் என்று ஒவ்வொருவர் குணத்தையும் எக்செலில் கட்டம் கட்டி வைத்திருந்தாள். அதில் நாத்தனார் பெயருக்கு நேரே ‘கருவியை மீறியது’ என்ற கட்டம் இரண்டு சீசனாகக் காலி. இன்று அதில் ஒன்று விழுந்துவிட்டது.

லீக் பட்டியலில் நாத்தனார் முதலிடம், அண்ணி நூலிழையில் இரண்டாமிடம். சதவீதம் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் ஊருக்கே தெரியும்: ஸ்டேடியத்துக்குப் பின்தெருவில் இருக்கிற பிசியோதெரபி கிளினிக்.

இரண்டையும் இரண்டையும் கூட்ட அண்ணிக்குக் கருவி தேவைப்படவில்லை. மேஜையில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அதுவரை கத்தியதையெல்லாம்விடப் பயங்கரமாக ஒன்று கேட்டாள்.

“அவன் உங்க கிளினிக்குக்கு வந்தானா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. யாருடி வந்தான் என்று அம்மா கேட்டாள். கீழே குழாயைத் திறக்காமலேயே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். சதவீதம் தனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போனாள். வெளியே இன்னும் நன்றாக வெயில் இருந்தது.

வந்தான். அதுதான் விஷயம்.

வார ஆரம்பத்தில், அழுக்குத் துண்டுகளைச் சலவைக்கு எடுத்துப் போகிற பின்வாசல் வழியாக, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, பின்தொடையில் சதவீதம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் தசை நனைந்த கயிற்று முடிச்சு மாதிரி இருந்தது. அவன் ஆ என்று சொல்லவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்துப்போயின. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சின்னக் கிழிசல், ஓடினால் பெரிய கிழிசல் என்றார். டாக்டரம்மா என்பது தெரு கொடுத்த பட்டம். அவர் பிசியோதெரபிஸ்ட், கிளினிக்கின் சொந்தக்காரர்.

சனிக்கிழமை பெரிய கிளப்பின் ஆட்கள் தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்றான் குதிரை. ஓடாவிட்டால் அவர்கள் பார்வை வேறு ஆள்மேல் போய்விடும், கிளப் டாக்டரிடம் சொன்னால் அன்றைக்கே உட்கார வைத்துவிடுவார்கள் என்றான். டாக்டரம்மா அவனுக்கு ஓடாதே என்று எழுதியும் கொடுத்தார், வாயாலும் சொன்னார். “ஆனா அதை வெளிய சொல்ல வேண்டியவன் நீ. உன் காலு, உன் வாயி. நாங்க சொல்ல மாட்டோம்.”

அவன் போன பிறகு சதவீதத்தின் பக்கம் திரும்பி, அந்தக் கிளினிக்கில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு கதையை நினைவுபடுத்தினார். முன்பு இங்கே வேலை பார்த்த ஒருத்தி, ஒரு பாடகரின் கழுத்துவலியைக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் சொன்னாள். அவன் ஊரிடம் சொன்னான். அவளுடைய பதிவை ரத்து செய்துவிட்டார்கள். வேலை மட்டுமல்ல, இந்தத் தொழிலே போயிற்று. இப்போது எங்கேயோ செருப்புக் கடையில் மற்றவர்கள் காலை அளந்துகொண்டிருக்கிறாள்.

சதவீதம் வாயைத் தைத்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை, தலையணையிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் இன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மாப்பிள்ளை ‘குதிரை, கேப்டன்’ என்று போனில் பல்லைக் காட்டியது. கிழிசலைத் தொட்ட கட்டைவிரலுக்கும் போன்திரைக்கும் நடுவே அரை அங்குலம். தெரிந்துகொண்டே பொய்யான ஆளைக் கேப்டனாக வைப்பதா என்று ஒரு நேர்மை. வைத்தால் புள்ளி போச்சே, அண்ணி முந்திவிடுவாளே என்று ஒரு பேராசை. எது எவ்வளவு சதவீதம் என்று அவளுக்கே தெரியாது. விரல் அழுத்திவிட்டது.

வாயைத்தானே மூடச் சொன்னார்கள்?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் இப்போது செய்தது அதைவிட மோசம். செய்ததை அழிக்கிறேன் என்று குதிரையைத் திரும்ப எடுத்து, கேப்டனாகவும் குறித்துவைத்தாள். ஹாலில் அண்ணியின் போன் சிணுங்கியது. அண்ணி சிரிப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. திருடினவன் வெளியே போய்விட்டு, பூட்டைச் சரியாகப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வந்து மாட்டிக்கொள்கிற கதைதான். உடனே அடுத்த தகவல் வந்தது. ‘அண்ணி: குதிரை வெளியே.’

மறுநாள் காலை சதவீதம் வேலைக்குக் கிளம்பி மூலை திரும்புவதற்குள் குழு கொதித்துவிட்டது. முதலிடம் தூக்கிற்று, வைத்தது. இரண்டாமிடம் தூக்கிவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது. மெக்கானிக் தூக்கினார். பேக்கரிக்காரம்மா, அழகான முகமாயிற்றே என்று வருத்தப்பட்டுக்கொண்டே தூக்கினார். ஒரு ஆடு வேலி தாண்டினால் மற்ற ஆடுகள் வேலியைப் பார்ப்பதில்லை, முன்னே போகிற ஆட்டின் வாலைத்தான் பார்க்கும்.

சலூன் வாசலில் நடுவர் கத்திரியோடு நின்றிருந்தார்.

“என்னம்மா சதவீதம், குதிரைக்கு லாடம் கழண்டுடுச்சா?”

உள்ளே நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். நுரைக்கு வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்தான். அந்தக் கண்கள் கண்ணாடி வழியாக அவள் பக்கம் திரும்பின. அவர் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர் என்று தெருவுக்குத் தெரியும். கண்ணுக்கு மட்டும் சவரம் செய்ய முடியாது என்று நடுவர் அவரைக் கிண்டல் செய்வது வழக்கம். இன்று சதவீதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமாகிறது அண்ணே என்று முனகிவிட்டு நடந்தாள். முதுகில் அந்தக் கண்கள் ஒட்டிக்கொண்டே வந்தன.

கிளினிக்கில் டாக்டரம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக அது சாத்துவதில்லை. குதிரை போன் செய்திருந்தான். தெரிந்தவன் ஒருவன், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டானாம். கேட்கக் காரணமே இல்லாத ஆளாம். வேலை செய்யும் மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் டாக்டரம்மா. முதலில் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாமவன் கோபமாக வந்தான். சதவீதத்தின் முறை வந்தது.

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அது சத்தியமான உண்மை. ஆனால் வாயிலிருந்து வரும்போது பொய் மாதிரியே வந்தது.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்குப் பேப்பர்ல வந்துச்சுன்னா என்னால யாரையும் காப்பாத்த முடியாதும்மா. புகார் வந்தா அவன் காலைத் தொட்டது யாருன்னு கேப்பாங்க. முதல்ல உன் பேரைத்தான் எழுதணும்.”

அன்று அவள் ஒரு கிழவரின் முட்டிக்கு ஐஸ் வைக்க வேண்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வைத்துவிட்டாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கிளம்பி, அண்ணியின் ஆபீசுக்குப் போனாள். கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, நாத்தனார் ஒருநாளும் அந்தப் படி ஏறியதில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அலமாரி அலமாரியாகக் கோப்புகள். டோக்கன் எண் மாறுகிற மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி வெளியே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் இருந்த தண்ணீர் மெஷின் பக்கம் அழைத்துப் போனாள். சதவீதம் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“முதல்ல நான் கேட்டதுக்குப் பதில். வந்தானா, இல்லையா?”

“சொல்ல முடியாது அண்ணி.”

“சொல்ல மாட்டேங்கற.”

“மாட்டேன்னு சொல்லல. முடியாது.”

அண்ணிக்கு முகம் சிவந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்தது அங்கே கொட்டியது. அந்த வீட்டில் எதுவானாலும் தனக்குத்தான் கடைசியாகத் தெரியும் என்றாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்ததாம். புருஷனுக்கு வேறு ரூட் மாற்றியதைப் பக்கத்து வீட்டுக்காரி வாழ்த்துச் சொல்லித் தெரிந்துகொண்டாளாம். “நீங்க மூணு பேரும் ஒரு டீமு. நான் வெளிய உட்கார்ந்திருக்கற மாத்து ஆளு. அதனாலதான் கட்டம் போட்டு வச்சிருக்கேன். யாரும் சொல்லலன்னா நானே கண்டுபிடிச்சுக்கறேன்.”

“இது அம்மாவுக்கும் தெரியாது அண்ணி. அண்ணனுக்கும் தெரியாது. உங்களுக்குன்னு மறைக்கல. வெளிய வந்தா என் வேலை போயிடும். வேற எங்கயும் இந்த வேலை பார்க்க முடியாது. உங்ககிட்ட நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.”

அண்ணியின் பார்வை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலமாரிகளுக்குப் போயிற்று. நடுவருக்கு என்ன வியாதி, மெக்கானிக் எதற்கு மாத்திரை சாப்பிடுகிறார், பேக்கரிக்காரம்மாவின் மகன் எந்த ஆஸ்பத்திரியில் எதற்காகப் படுத்திருந்தான் என்று அந்தத் தெருவின் உடம்பு முழுவதும் அந்த அலமாரிக்குள்தான் இருந்தது. எல்லாம் அவள் கையால் புரட்டியது. ஒன்றையும் அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு வாய்க்காரி அதில் மட்டும் ஊமை.

“நேத்து நான் உன்னைக் கேட்டதை யாராவது என்னைக் கேட்டிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும்” என்றாள் மெல்ல.

தண்ணீர் மெஷின் கடகடவென்று ஒரு ஏப்பம் விட்டது. குதிரையைத் தன் அணியில் திரும்ப வைத்துவிடட்டுமா என்று அண்ணி கேட்டாள். நான் வைத்ததற்கே நீங்கள் சிரித்தீர்களே என்றாள் சதவீதம். அதுவும் சரிதான். பத்திரிகைக்காரர் இந்நேரம் கிளப்புக்குப் போன் போட்டிருப்பார். சாயங்காலம், இனி ஆளை மாற்ற முடியாதபடி அணிகளைப் பூட்டுகிற நேரத்தில் சலூனுக்கு வந்து, முதலில் தூக்கியது யார், ஏன் என்று கேட்கத்தான் போகிறார்.

அண்ணி யோசித்தாள். ஏமாற்றுகிறவர்களின் காகிதங்களோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியவள். “ஒரு கோணலை நேராக்க முடியாது. அதைவிடப் பெரிய கோணல் ஒண்ணு பக்கத்துல வச்சா யாரும் சின்னதைப் பார்க்க மாட்டாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நீ வேலைக்குப் போ என்று அவளை அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் சலூனில் நிற்க இடமில்லை. முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் நாலு பேர் என்றால் வாய் வெட்ட வந்தவர்கள் இருபது பேர். பத்திரிகைக்காரர் இப்போது நுரை இல்லாமல், சுத்தமான முகத்தோடு, நடுவரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் தூக்கியது அந்த பிசியோதெரபிப் பெண்தானே என்று கேட்டார். நடுவர் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் அண்ணி உள்ளே வந்தாள். ஆண்கள் சலூனுக்குள் பெண் வந்தாலே கத்திரி நிற்கும். அன்று காற்றாடிகூட நின்ற மாதிரி இருந்தது.

“நடுவரே, ஒரு விஷயம். என் நாத்தனாரோட மாப்பிள்ளைமேல கைவச்சது நான்தான்.”

மாப்பிள்ளை என்றால் எது என்று பத்திரிகைக்காரருக்கு இரண்டு பேர் விளக்க வேண்டியிருந்தது. அதற்குள் அண்ணி மளமளவென்று சொல்லி முடித்தாள். நாத்தனாரின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். கருவிக்குள் புகுந்து குதிரையின் கணக்கை மாற்றி வைத்தேன். அது தூக்கச் சொல்லிற்று, அவள் தூக்கினாள். பிறகு கண்டுபிடித்துத் திரும்ப வைத்துவிட்டாள், அதுதான் நேற்று வீட்டில் சண்டை. உடனே நான் தூக்கினேன், நீங்களும் என் வாலைப் பிடித்துத் தூக்கினீர்கள். கடைசி நிமிஷத்தில் நான் மட்டும் அவனைக் கேப்டனாக வைத்து எல்லாரையும் முந்திவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை, வந்து சொல்லிவிட்டேன்.

அவ்வளவு கச்சிதம். கீழ்வீட்டில் கேட்டது, குழுவில் வந்தது, வைத்தது, எடுத்தது எல்லாம் அதற்குள் போய்ச் சரியாக உட்கார்ந்தது. நிஜமாக இருந்தால் எங்கேயாவது ஒரு ஓரம் இடித்திருக்கும். இதில் இடிக்கவே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் பிடித்த தெருவுக்கு, நாத்தனார் கருவியில் அண்ணி மண்ணள்ளிப் போட்டாள் என்பதைவிட ருசியான செய்தி வேறென்ன வேண்டும்?

வேலை முடிந்து வந்த சதவீதம் வாசலில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவர் அவளைப் பார்த்துவிட்டார்.

“உண்மையாம்மா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. பாதி வெட்டிய தலைகளும் சேர்த்துத்தான். ஆமாம் என்றால் அண்ணி இந்தத் தெருவில் சாகும்வரை திருடி. இல்லை என்றால், பிறகு ஏன் தூக்கினாய் என்பதுதான் அடுத்த கேள்வி. அதைக் கேட்பதற்கென்றே ஒருவர் ஸ்டூலில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஓரத்தில் இருந்த பவுடர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதவீதம் அந்த ஸ்டூலைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்தாள்.

“பாஸ்வேர்டை மாத்திட்டேன்” என்றாள்.

அவ்வளவுதான், அவளால் முடிந்தது. தெருவுக்கு அது போதும். யாரோ சீ என்றார்கள். வாசலுக்கு வெளியே நின்ற பேக்கரிக்காரம்மா, நான் அப்பவே நினைத்தேன் என்றார். எதை நினைத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. நடுவர் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அண்ணியின் புள்ளிகள் எல்லாம் ரத்து, இனி எந்த சீசனிலும் அவளுக்கு லீகில் இடமில்லை. பத்திரிகைக்காரர் கொட்டாவி விட்டார். குடும்பத் தகராறை விளையாட்டுப் பக்கத்தில் போட முடியாது என்று பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு, பூட்டுவதற்குள் குதிரையைத் திரும்ப வைத்துக்கொள்ள அடித்துப் பிடித்தார்கள். எல்லார் அணியிலும் குதிரை. எல்லாருக்கும் அவனே கேப்டன். சதவீதமும் அவனைத் தொடவில்லை. வலிக்கிற பல்லை நாக்கால் தொடாமல் இருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

வீட்டில் அம்மா மருமகளிடம் பேசவில்லை. என் பொண்ணு ஆசையா வச்சிருந்தது அது ஒண்ணுதானே, அதுலயும் கைவச்சிட்டியே என்று சுவரிடம் சொன்னாள். அண்ணன் சாப்பிடாமல் எழுந்தான். அண்ணி எல்லாத் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினாள். சதவீதம் பக்கத்தில் போய் நின்று, கழுவியதைத் துடைத்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அம்மாவுக்குக் கேட்கும். கீழ்வீட்டுக்கும் கேட்கும்.

சனிக்கிழமை சலூன் டிவியில் குதிரை மைதானத்துக்குள் வந்தபோது தெரு விசிலடித்தது. சதவீதம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற ஓடினான் அவன். ஒரு ஓட்டம் ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடத் தொடங்கி நின்றுவிட்டான். காலைப் பிடிக்கவில்லை, விழவில்லை. வெறுமனே நின்றான். பிறகு மெதுவாகக் கோடுவரை நடந்து போய், கோச்சின் காதில் கையை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். கோச் அவன் தோளில் கைபோட்டார். அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். தொடையில் பிடிப்பு இருப்பதாக அவனே சொல்லி விலகிக்கொண்டான் என்று டிவியில் சொன்னார்கள்.

அவனே சொன்னான். சதவீதம் பிடித்திருந்த கம்பியை அப்போதுதான் விட்டாள். உள்ளங்கையில் துருவின் கறை கோடாகப் பதிந்திருந்தது.

சலூனுக்குள் ஒப்பாரி. தெரு மொத்தத்துக்கும் கேப்டன் பூஜ்யம். மெக்கானிக்குக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது. அப்படியென்றால் சதவீதம் முதலில் தூக்கியது சரிதானே என்று இழுத்தார். நடுவர் அவரை முடிக்க விடவில்லை. “அது அவ அண்ணி பண்ண கோல்மால்ப்பா. குருடன் எறிஞ்ச கல்லு மாங்காயில பட்டுடுச்சு, அதுக்காக அவனுக்குக் கண்ணு தெரியும்னு ஆயிடுமா?” எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இட்டுக்கட்டியதை ஒருமுறை விழுங்கிவிட்டால், உண்மை எதிரே வந்து நின்றாலும் தெரு வழிவிட்டு நடந்து போய்விடும்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனதும் சதவீதம் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“வாயை மூடச் சொன்னேன். கையை மூடச் சொல்ல எனக்குத் தோணல” என்றார் டாக்டரம்மா. பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஆட்டக்காரர்களின் காலைத் தொடுகிறவள் ஆட்டக்காரர்களை வைத்து விளையாடக் கூடாது. லீகா, வேலையா? சதவீதம் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே, போனிலிருந்து அணியை அழித்தாள். ‘சதவீதம்: வெளியேறினார்’ என்ற தகவல் குழுவுக்குப் போனபோது, அண்ணி செய்த துரோகத்தில் மனசு விட்டுப்போச்சு பாவம் என்று தெரு உச்சுக்கொட்டியது.

அண்ணிக்குத்தான் தெருவில் நடமாட முடியவில்லை. பேக்கரியில் அவள் வந்தால் கல்லாப்பெட்டியை மூடுவது மாதிரி ஜாடை காட்டினார்கள். ஆபீசில் கேட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கினாள். அண்ணனும் அந்த ஊர் டெப்போவுக்கு எழுதிக்கொடுத்து, இரண்டு பேரும் போனார்கள். சாமான் ஏற்றிய அன்று அம்மா ஜன்னலைத் திறக்கவில்லை. மகளால் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அது அவள் சொல்லக்கூடிய உண்மை இல்லையே. அவளைக் கேட்டால் இன்றுவரை, அது ஒரு நோயாளியின் கால்.

குதிரையின் கால் ஆறியது. பெரிய கிளப் அடுத்த சீசனில் அவனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. போன இடத்தில் நீச்சல் சொல்லித்தருகிற பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். சதவீதத்துக்கும் அவனுக்கும் ஏதோ என்று நம்பிக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மாவுக்கு அதில் இரண்டு வாரம் வருத்தம். சதவீதம் கட்டிக்கொண்டது கிளினிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வருகிற ஒருவரை. கால்பந்து என்றால் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாத மனிதர். கல்யாணத்துக்கு அண்ணி வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளை மணப்பெண் தானே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, என்ன பெருந்தன்மை என்று தெரு மெச்சிக்கொண்டது.

அடுத்த மாதமே சதவீதம் புருஷனையும் அம்மாவையும் கிளப்பிக்கொண்டு அண்ணி இருக்கிற ஊருக்கே குடிபோய்விட்டாள். ஒரே கட்டடம், எதிரெதிர் வாசலாம். அம்மாவும் இப்போதெல்லாம் மருமகளிடம் பேசுகிறாளாம். அவ்வளவு செய்தவள் பக்கத்தில் ஏன் போய்க் குடியிருக்க வேண்டும் என்று தெரு கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் நடுவர்தான் முடிவு சொன்னார்: பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கத்தான் போயிருக்கிறாள், வேறென்ன?